கரண்டு இல்லாமக் கத்துன மோட்டார்

படுத்தாச்சா? காலை நீட்டு. போர்வையை உதைக்காதே. ஒரு கதைதான், ரெண்டு கிடையாது. குறுக்க கேள்வி கேட்டா நிறுத்திடுவேன். ம் மட்டும் கொட்டு.

ம்.

ஒரு ஊர்ல ஒரு காது இருந்துச்சு.

எந்திரிக்காதே. காது மட்டும் தனியா எப்படி இருக்கும்? காதுக்குப் பின்னாடி ஆளும் இருந்தா. பேரு மயிலாத்தா. ஆனா ஊருக்குத் தெரிஞ்சது என்னமோ அவ காதுதான்.

ஊரு கோயமுத்தூரு. வீட்டுக்கு வீடு மோட்டார், தெருவுக்குத் தெரு மோட்டார் பட்டறை. அதுல ஒரு பட்டறை மயிலாத்தாளோடது. காயில் கட்டுவா, பேரிங் மாத்துவா. மத்த பட்டறையில மோட்டாரைக் கழட்டிப் பாத்துட்டுத்தான் என்ன கோளாறுன்னு சொல்லுவாங்க. இவ கழட்ட மாட்டா. நீளமா ஒரு திருப்புளி வெச்சிருந்தா. மோட்டாரை ஓடவிட்டு, திருப்புளி முனையை அது மேல வெப்பா. மரப் பிடியைக் காதோட ஒட்டி வெப்பா. கண்ணை மூடுவா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பத்து எண்ணுவா. அப்புறம் கண்ணைத் திறந்து, "கீழ் பேரிங் போச்சுங்க"ம்பா. கழட்டிப் பாத்தா கீழ் பேரிங் போயிருக்கும். இன்னொருத்தருக்கு, "உள்ள பல்லி இருக்குதுங்க"ன்னா. கழட்டிப் பாத்தாங்க.

ம்?

பல்லி இருந்துச்சு. அப்படிக் காது.

அந்தக் காது குடியிருந்தது ஒரு மாடிக் கட்டிடத்துல, கீழ் வீட்ல. மொத்தம் பன்னண்டு வீடு. பின்னாடி ஒரு துண்டுத் தோட்டம். ஒரு மூலையில தண்ணித் தொட்டி, அது பக்கத்துல மோட்டார். எதுத்த மூலையில, மாடி வீட்டு ரெஜினா டீச்சர் போட்ட அவரைப் பந்தல். நடுவுல ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, ஒரு தென்னை. அவ்வளவுதான் தோட்டம். சுத்தியும் சுவரு. சுவருக்கு அந்தப் பக்கம் பஸ்சு.

அப்புறம் ஐப்பசி மாசம், ஒரு ராத்திரி, எட்டு மணி இருக்கும்.

"ர்ர்ர்ரீஈஈ... ர்ர்ர்ரீஈஈ... ர்ர்ர்ரீஈஈ..."

விடாம. மூச்சே வாங்காம. என்ன சத்தம்?

ம்.

தெரியல. அவங்களுக்கும் தெரியல. ஜன்னலைச் சாத்துனாங்க. கேட்டுச்சு. ஃபேனைக் கூட்டி வெச்சாங்க. கேட்டுச்சு. அப்போ செகரட்டரி சென்னியப்பன் கீழ இறங்கி வந்தாரு. கட்டிடத்துல பல்பு போனாலும் குழாய் ஒழுகுனாலும் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவாங்க. அதனால எந்நேரமும் இப்பத்தான் யாரையோ திட்டிட்டு வந்த மாதிரி முகம்.

"ஏனுங் மயிலக்கா, மோட்டார் கத்துதுங்களே. போன வாரந்தான பாத்தீங்க?"

மயிலாத்தா அப்போ கட்டில்ல உக்காந்து முட்டிக்குத் தைலம் தேச்சுட்டு இருந்தா. எந்திரிச்சுப் போய்ப் பாத்திருக்கலாம். பாக்கல. முட்டி வலி பாதி, திமிரு பாதி. ஜன்னல் பக்கமாத் தலையை மட்டும் சாச்சா. பத்து எண்ணுனா.

"பேரிங்குங்க தம்பி. ரெண்டு உரசுது. காலைல மாத்திடறேன்."

திருப்புளி எடுக்கல. மோட்டாரைத் தொடல. இருந்த இடத்துலயே சொல்லிட்டா. தப்பு அங்கதான்.

வெடிஞ்சுது. மோட்டாரைக் கழட்டுனா. பேரிங் பளபளன்னு இருந்துச்சு. கொஞ்சம் கூடத் தேயல. அவளுக்கே கொஞ்சம் இடிச்சுது. ஆனா சொன்னது சொன்னதாச்சேன்னு புதுசு போட்டு, கிரீஸ் வெச்சு, மூடி ஓட்டுனா. "ஹ்ம்ம்ம்"னு தூங்கற பூனை மாதிரி ஓடுச்சு. சரி, முடிஞ்சுதுன்னு போயிட்டா.

அன்னைக்கு ராத்திரி எட்டு மணி.

"ர்ர்ர்ரீஈஈ... ர்ர்ர்ரீஈஈ..."

சென்னியப்பன் வந்தாரு. இந்தத் தடவை தனியா வரல. பின்னாடி நாலு பேரு. சட்டைப் பைக்குள்ள கையை விட்டாரு. வெள்ளையா பீங்கான்ல ஒண்ணை எடுத்து மேஜை மேல வெச்சாரு. டொக்.

"அக்கா, இது என்னங்க?"

"பீஸ் கட்டை."

"எதோடதுங்க?"

மயிலாத்தா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"நம்ம மோட்டாரோடதுங்க. சாயந்தரம் ஆறு மணிக்கே உருவிப் பையில போட்டுட்டேன்."

வெளியில, "ர்ர்ர்ரீஈஈ..."

"எனக்கு அம்பது வயசாவப் போவுதுங்க. கரண்டு இல்லாமக் கத்தற மோட்டாரை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பின்னாடி ஒருத்தன் சொன்னான், "அக்கா போட்ட பேரிங்குக்குக் கரண்டே வேண்டாமாட்ட இருக்குது." நாலு பேரும் சிரிச்சாங்க. சென்னியப்பனும் சிரிச்சாரு. அவரு சிரிச்சே பன்னண்டு வீட்டுக்காரங்களும் பாத்ததில்ல. அன்னைக்குச் சிரிச்சாரு.

மயிலாத்தாளுக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு.

ஏன் சிரிக்கறே? நீ அந்த நாலு பேரோட சேந்துக்காதே. கேளு.

அடுத்த நாள் அந்தப் பேச்சு பட்டறை வரைக்கும் வந்துடுச்சு. ஒருத்தர் மோட்டாரைத் தூக்கிட்டு வந்தாரு. இவ திருப்புளியைக் கையில எடுத்தா. அவரு தயங்கித் தயங்கி, "எதுக்கும் கழட்டியே பாத்தறலாங்களா அக்கா"ன்னாரு. இருபது வருசத்துல அந்த வார்த்தையை ஒருத்தரும் அவகிட்டச் சொன்னதில்ல.

அது கூடப் பரவாயில்ல. அவரு சொன்னதுக்கப்புறம் இவ திருப்புளியை மோட்டார் மேல வெச்சுக் கண்ணை மூடுனா பாரு. பத்து எண்ணுனா. தெரியல. இருபது எண்ணுனா. பேரிங்கா? காயிலா? ரெண்டுமே இல்லியா? காது கேக்குது. ஆனா காது சொல்றதை நம்ப முடியல. கண்ணைத் திறந்து, திருப்புளியைக் கீழ வெச்சுட்டா.

ஊரு நம்பாட்டிப் போவுது. அவளே அவ காதை நம்பலைன்னா அவகிட்ட வேற என்ன இருக்கு? ஒண்ணுமில்ல.

ம்.

அப்புறம் நேரா சென்னியப்பன் வீட்டுக்குப் போனா. "தம்பி, மூணு ராத்திரி குடுங்க. அங்க கத்தறது எதுன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். சொல்லலைன்னா இந்தக் காதை இனிமே எந்த மோட்டார் மேலயும் வெக்க மாட்டேன். பட்டறையைப் பூட்டிடறேன்."

"அதுக்கு எதுக்குங்க அக்கா அத்தனை பெரிய பேச்சு?"

"பெரிய பேச்சுத்தான். மூணு ராத்திரி."

முதல் ராத்திரி. மயிலாத்தா டார்ச்சை எடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போனா. சத்தம் செம்பருத்திப் பக்கம் கேட்டுச்சு. செம்பருத்திகிட்டப் போனா. சத்தம் நின்னுடுச்சு. நின்னா. மறுபடி, "ர்ர்ர்ரீஈஈ." இப்போ தென்னைப் பக்கம். தென்னைக்குப் போனா. நின்னுடுச்சு. வலது காது சுவருங்குது. இடது காது பந்தலுங்குது. தலையைத் திருப்புனா சத்தமும் திரும்புது. கண்ணாமூச்சி ஆடுது, புரியுதா? இப்படியே பத்து மணி ஆச்சு, பதினொண்ணு ஆச்சு.

அப்போ சுவரோரமா ஒரு செங்கல்லுக்கு அடியில இருந்து சத்தம் வந்துச்சு. மெள்ளப் போய்ச் செங்கல்லைப் பொரட்டுனா. கருப்பா, தலை பெருத்து, ஒரு சுவர்க்கோழி. கோழின்னா கோழி இல்ல. பூச்சி. குதிக்கும். ஒரு டம்ளரைப் போட்டுக் கப்புன்னு கவுத்துட்டா. சென்னியப்பனைக் கூப்பிட்டா. அவரு குனிஞ்சு பாத்தாரு.

"இதானுங்களா?"

டம்ளருக்குள்ள அது கத்துச்சு. "க்ரிச். க்ரிச். க்ரிச்."

தோட்டத்துல இருந்து, "ர்ர்ர்ரீஈஈ..."

"இது அது இல்லீங்க அக்கா."

"எனக்கும் கேக்குதுங்க"ன்னா மயிலாத்தா. டம்ளரைத் தூக்கி சுவர்க்கோழியை விட்டுட்டா. முதல் ராத்திரி போச்சு.

ரெண்டாவது ராத்திரி ரெஜினா டீச்சர் இறங்கி வந்தாங்க. அவங்க பள்ளிக்கூடத்துல நடத்துனது வரலாறு. ஆனாலும் டீச்சராச்சே. "மயிலு, இது தவளை. மழை வந்தாத் தவளை வரும். மாடியில இருந்து மழைத் தண்ணி இறங்குது பாரு, அந்தக் குழாய்க்குள்ள உக்காந்திருக்கு. அதான் சத்தம் இப்படிப் பெருசாக் கேக்குது"ன்னாங்க.

மயிலாத்தாளுக்கு நம்பிக்கை இல்ல. தன் காதையே நம்பாதவ, டீச்சர் சொல்றதை எதை வெச்சு இல்லைங்கறதுன்னு சரின்னுட்டா. டீச்சர் மொட்டை மாடிக்கு ஒரு வாளித் தண்ணியோட போனாங்க. சென்னியப்பன் கீழ, குழாய் வாய்ல காதை வெச்சுக் குத்த வெச்சாரு.

"இருக்குதுங்க டீச்சர். என்னமோ அசையுது."

டீச்சர் ஊத்தட்டுமான்னு கேட்டிருக்கணும். கேக்கல. ஊத்திட்டாங்க. சளசளசளசளன்னு தண்ணி. அது கூட ஒண்ணு. ப்ளாக். சென்னியப்பன் கன்னத்துல வந்து ஒட்டிக்கிச்சு. பச்சையா, வழவழன்னு, தவளை. டீச்சர் சொன்னது சரிதான். தவளை இருந்துச்சு. ஆனா அது வாயைத் திறக்கல. கன்னத்துல உக்காந்து சென்னியப்பனை ஒரு பார்வை பாத்துச்சு. பொதக்குன்னு குதிச்சுது. போயே போச்சு.

பந்தலோ, தென்னையோ, எங்கிருந்தோ, "ர்ர்ர்ரீஈஈ..."

சென்னியப்பன் மூஞ்சியைத் துடைச்சாரு. "இன்னும் ஒரு ராத்திரிதானுங்க அக்கா."

சிரிச்சது போதும். அப்புறம் தூக்கம் கலைஞ்சிடும்.

ம்.

மூணாவது நாள் மதியத்துல இருந்து மழை. பொழுது சாயற நேரத்துக்கு விட்டுச்சு. ஆனா குளிரு. மயிலாத்தா கதவோரமா நின்னுட்டு யோசிச்சா. அப்போ சத்தம் ஆரம்பிச்சுது. அவ நிமுந்தா.

சத்தம் மெதுவா வருது. ராத்திரிக்கு ராத்திரி "ர்ர்ர்ரீஈஈ"ன்னு கிடுகிடுன்னு வந்தது, இன்னைக்கு, "ர்ர்... ர்ர்... ரீஈஈ..." வோல்டேஜ் கம்மியானா மோட்டார் இழுக்குமே, அப்படி இழுக்குது. குளிர்ல சோம்பிப் போச்சு. அப்போ கத்தறது இரும்பு இல்ல, குழாய் இல்ல. உசுரு.

அது மட்டுமில்ல. இன்னொண்ணும் அவளுக்குப் பட்டுச்சு. முதல் ராத்திரி இவ நடந்து போனா, அது நின்னுச்சு. இவ நின்னா, அது கத்துச்சு. அப்போ இவ காலடி அதுக்குத் தெரியுது. இவ அதைக் கேக்கறதுக்கு முன்னாடி அது இவளைக் கேட்டுடுது. இவளை விடப் பெரிய காது.

மயிலாத்தாளுக்கு அன்னைக்குத்தான் அது மேல ஒரு மரியாதை வந்துச்சு.

திருப்புளியை எடுத்தா. செருப்பைக் கழட்டுனா. பந்தலுக்கு அடியில ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்தா. அசையல. முட்டி வலிச்சுது, அசையல. கொசு கடிச்சுது, அசையல. தலை மேல இலைத் தண்ணி சொட்டு சொட்டுன்னு விழுந்துச்சு, துடைக்கல. நீ இப்போ மூணு தடவை பொரண்டாச்சு. அவ ஒண்ணரை மணி நேரம் பொரளாம இருந்தா.

சத்தம் நிக்கல. அவளை மறந்துட்டுப் பாடுச்சு.

அப்போ மெள்ள, மெள்ளக் கையை நீட்டி, திருப்புளி முனையைப் பந்தக் காலு மேல வெச்சா. பிடியைக் காதோட ஒட்டுனா. கண்ணை மூடி எண்ணுனா. எங்கியோ தூரத்துல, "ர்ர்." அடுத்த காலுக்கு மாத்துனா. இன்னும் கொஞ்சம் பக்கத்துல, "ர்ர்ர்." அப்புறம் கொடியோட தண்டு. அதுல வெச்ச உடனே, மண்டைக்குள்ளயே யாரோ சாணை பிடிக்கற மாதிரி, "ர்ர்ர்ரீஈஈ." கையில மயிரெல்லாம் நட்டுக்கிச்சு. பத்து எண்ண வேண்டியதே இல்ல. இங்கதான் இருக்கான்.

டார்ச்சை முந்தானைக்குள்ள வெச்சு அமுக்குனா. துணி வழியா மஞ்சளா, துளியூண்டு வெளிச்சம். தண்டுல இருந்து கிளைக் கொடி, கிளைக் கொடியில இருந்து காம்பு, காம்புல இருந்து இலை. அகலமா ஒரு அவரை இலை. நடுவுல ஓட்டை.

ஓட்டைக்குள்ள யாரு?

ம்?

பூச்சி. எம்மாத்தம்? உன் சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். வெளிறுன பச்சை. வத்தலு. மீசை மட்டும் உடம்பைவிட நீளம். முன்னங்காலு ஓட்டைக்கு அந்தப் பக்கம், பின்னங்காலு இந்தப் பக்கம். முதுகு மேல ரெண்டு ரெக்கையை நெட்டுக்குத்தலாத் தூக்கி நிறுத்தியிருந்துச்சு. கண்ணாடித் தாள் மாதிரி ரெக்கை. வீட்டு நிலையில கதவு பொருந்தற மாதிரி அந்த ரெக்கை ஓட்டையில பொருந்தி நிக்குது. ஒரு ரெக்கை இன்னொரு ரெக்கையை உரசுது. கண்ணுக்குத் தெரியாத வேகத்துல உரசுது. அவ்வளவுதான். அதான் அந்தச் சத்தம்.

மயிலாத்தா வாயைத் திறந்தவ மூடல.

இத்தனூண்டு உடம்புல இருந்து இவ்வளவு பெரிய சத்தம் எப்படின்னு பாத்துட்டே இருந்தா. அப்போ காத்து அடிச்சு இலை ஆடுச்சு. பூச்சி பயந்து ஓட்டையை விட்டு இலை ஓரத்துக்கு ஓடுச்சு. அங்க நின்னு பாடுச்சு. "ஈ... ஈ..." சவலைப் பிள்ளை அழுவற மாதிரி மெலிசா. அதுக்கே புடிக்கல போல. மீசையை ஒரு ஆட்டு ஆட்டுச்சு. விறுவிறுன்னு திரும்பி நடந்து வந்து ஓட்டைக்குள்ள ஏறி நின்னு, ரெக்கையைத் தூக்கி,

"ர்ர்ர்ரீஈஈ..."

புரிஞ்சுதா? குரலு அதோடது. பெருக்கிக் குடுக்கறது இலை. கல்யாண வீட்ல ஸ்பீக்கர் கட்டுவாங்க இல்ல? அந்த மாதிரி. ஆனா இவனுக்குக் கட்டிக் குடுக்க ஆளு இல்ல. தானே இலையைப் பாத்து எடுத்து, தானே கடிச்சு, தானே ஓட்டை போட்டிருக்கான்.

மயிலாத்தா விரலை நீட்டி, தொடாம, இலையை அளந்தா. இந்தப் பக்கம் ஒரு விரக்கடை. அந்தப் பக்கம் ஒரு விரக்கடை. மேல, கீழ, அதே. நட்ட நடு. அளவுகோலு இல்ல, கம்பாஸ் இல்ல. ஓட்டை ஓரத்துல பிசிறு இருக்கான்னு பாத்தா. பிசிறே இல்ல. இருபது வருசமா அவளும் தகட்டுல ஓட்டை போடறா. அவ போட்டாலும் கொஞ்சமாச்சும் பிசிறு நிக்கும், அரம் போட்டுத்தான் எடுக்கணும். இவன் பல்லாலயே முடிச்சிருக்கான்.

"பெரிய வேலைக்காரன் நீ"ன்னு சத்தமில்லாம உதட்டை மட்டும் அசைச்சா.

அப்புறம் வாளியில இருந்து எந்திரிச்சு, பூனை மாதிரி நடந்து போய், சென்னியப்பன் கதவைத் தட்டுனா. அவரு லுங்கியை இறுக்கிக் கட்டிட்டு வந்தாரு.

"கண்டுபிடிச்சீங்களா?"

"செருப்பைக் கழட்டுங்க தம்பி. பேசாம வாங்க."

கூட்டிட்டுப் போனா. இலையைக் காட்டுனா. அவரு நம்பல. "இதுங்களா? இந்தக் கொசுவாட்டம் இருக்கறதா?" மயிலாத்தா திருப்புளி முனையைத் தண்டு மேல வெச்சு, பிடியை அவரு காதுல ஒட்டுனா.

சென்னியப்பன் கேட்டாரு. ஒரு நிமிசம் ஆச்சு. ரெண்டு நிமிசம் ஆச்சு. காலை நாலு கொசு கடிக்குது, அடிக்கல. எந்நேரமும் திட்டிட்டு வந்த மாதிரி இருக்கற முகம், மெள்ள மெள்ள இளகுச்சு.

"அக்கா."

"ம்."

"உள்ள ஒரு பட்டறையே ஓடுதுங்களே."

"ஆமாங்க. முதலாளியும் அவன்தான், வேலையாளும் அவன்தான்."

அப்போ சென்னியப்பனுக்கு ஒரு யோசனை. "ஒரு டப்பா கொண்டாரட்டுங்களா? இலையோட பறிச்சுப் போட்டு மூடி வெப்போம். வெடிஞ்சதும் எல்லாருக்கும் காட்டிரலாம். சிரிச்சவனுங்க மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கலாம்."

நல்ல யோசனைதான். மயிலாத்தா பேரு அந்த நிமிசமே திரும்பி வந்துடும். அவளுக்கும் ஆசை இல்லாம இல்ல. கை இலைக் காம்பு வரைக்கும் போச்சு. காம்பைத் தொட்டா, விரல் நுனியில அந்த அதிர்வு. கையை எடுத்துட்டா.

"வேண்டாங்க. ஓட்டத்துல இருக்கறதை நான் கழட்டறதில்ல."

"அப்போ யாருங்க நம்புவாங்க?"

"டப்பாவுல போட்டாத்தான் நம்ப மாட்டாங்க. இத்தனூண்டு பூச்சியா அத்தனை சத்தம் போட்டுச்சுன்னு மறுபடி என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. இதைப் பாக்கக் கூடாதுங்க, கேக்கணும். எல்லாரையும் இங்க கூட்டிட்டு வாங்க."

"இந்நேரத்துக்கா? பன்னண்டு வீட்டையுமா?"

"செகரட்டரி நீங்கதானுங்க."

சென்னியப்பன் தலையைச் சொறிஞ்சாரு. போனாரு. வெறுங்காலோட ஒவ்வொரு மாடியா ஏறி, ஒவ்வொரு கதவா, டொக், டொக், டொக்.

"என்னங்க, தீ புடிச்சுக்கிச்சா?"

"இல்லீங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

நைட்டியோட வந்தாங்க. பனியனோட வந்தாங்க. போர்வையைச் சுத்திட்டு வந்தாங்க. கோயில்ல தீர்த்தம் வாங்க நிப்பாங்களே, அப்படி அவரைப் பந்தலுக்கு முன்னாடி வரிசை. ஒருத்தரும் மூச்சு விடல. ஒவ்வொருத்தரா முன்னாடி வருவாங்க. மயிலாத்தா திருப்புளிப் பிடியைக் காதுல வெப்பா. கேப்பாங்க. முதல்ல கண்ணு பெருசாகும். அப்புறம் பக்கத்துல நிக்கறவங்களைப் பாத்து ஒரு தலையாட்டு. அப்புறம் நகர மனசே வராது. பின்னாடி இருக்கறவங்க முதுகைக் கிள்ளித் தள்ளணும்.

"பேரிங்குக்குக் கரண்டே வேண்டாமாட்ட"ன்னு சிரிச்சானே ஒருத்தன், அவனும் வந்தான். கேட்டான். பிடியைத் திருப்பிக் குடுத்தான். "அக்கா, இன்னொருக்கா வரிசையில வந்து நின்னுக்கட்டுங்களா?"

"நில்லு போ."

ரெஜினா டீச்சரும் கேட்டாங்க. தன் பந்தல்ல இப்படி ஒருத்தன் குடியிருக்கறது தனக்கே தெரியலையேன்னு அவங்களுக்குக் கொஞ்சம் வெக்கம். "சுவர்க்கோழிக்குச் சொந்தக்காரன்தான் மயிலு, செடியில வாழற சாதி. எங்க ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர் சொல்லுவாங்க. ஆணுதான் பாடும். ஜோடியைக் கூப்பிடும். அவ வந்துட்டா நிறுத்திடும். உடம்பு சின்னதா இருக்கறவனுக்குக் குரல் தூரம் போவாது, அதனால சிலது இலையில இப்படி ஓட்டை போட்டுக்கும்னு சொல்லுவாங்க. நான் நம்பினதே இல்ல."

"இதுக்குப் பேரு என்னங்க டீச்சர்?"

"தெரியலையே."

வரிசையில யாரோ மெள்ளச் சொன்னாங்க, "பேரிங்."

எல்லாரும் வாயைப் பொத்திட்டுச் சிரிச்சாங்க. இந்தத் தடவை மயிலாத்தாளும் சிரிச்சா. அப்புறம் அந்தக் கட்டிடத்துல அதுக்கு அதே பேரு நின்னு போச்சு.

டீச்சர் கேட்டாங்க, "மயிலு, ரெக்கையும் ரெக்கையும் உரசித்தான இந்தச் சத்தம் வருது? நீயும் முதல் நாளே ரெண்டு உரசுதுன்னுதான சொன்னே?"

மயிலாத்தா சொன்னா, "உரசல் சரிங்க டீச்சர். மோட்டார்தான் தப்பு. காது சொன்னதை வெச்சு நானா ஒண்ணு சொல்லிட்டேன்."

அடுத்த நாள் பட்டறையைத் திறந்தா. கழட்டியே பாத்தறலாமான்னு கேட்டாரே, அவரு மோட்டார் அங்கயே கிடந்துச்சு. ஓடவிட்டா. திருப்புளி வெச்சா. கண்ணை மூடுனா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கண்ணைத் திறந்தா. "மேல் பேரிங்"ன்னா. கழட்டுனாங்க. மேல் பேரிங்.

இருக்கியா?

ம்...

இருக்கே. கொஞ்சந்தான் பாக்கி.

அப்புறம் பேரிங் தினமும் பாடுச்சு. குளிரு ராத்திரியில மெதுவா, புழுக்கமான ராத்திரியில வேகமா. அந்த வீட்டுக்காரங்க போர்வை வேணுமா வேண்டாமான்னு அதைக் கேட்டே முடிவு பண்ணிக்குவாங்க. டீச்சர் அந்தப் பக்கத்து அவரைக்காயைப் பறிக்கறதையே விட்டுட்டாங்க. முத்திக் காஞ்சு தொங்குச்சு. சென்னியப்பன் ராத்திரி பத்து மணிக்கு வெறுங்காலோட ஒரு சுத்து வருவாரு. யாராச்சும் பந்தல் பக்கம் செருப்புப் போட்டு நடந்தாத் திட்டுவாரு. அதுக்குன்னே இருக்குதே அந்த முகம்.

இப்படி இருபது நாள். அப்புறம் ஒரு ராத்திரி எட்டு மணி ஆச்சு. சத்தம் இல்ல.

ஒன்பது ஆச்சு. இல்ல.

பத்து. இல்ல.

சத்தம் வந்தப்போ தூங்காதவங்க, இப்போ சத்தம் இல்லாமத் தூங்கல. பொரண்டு பொரண்டு படுத்தாங்க. ஒரு வீட்ல லைட்டு எரிஞ்சுது. இன்னொரு வீட்ல எரிஞ்சுது. பன்னண்டு வீட்லயும் எரிஞ்சுது. ஒவ்வொரு பால்கனியிலயும் ஒரு தலை. சென்னியப்பன் ஓடி வந்தாரு.

"அக்கா, நின்னு போச்சுங்க. பல்லி தின்னுடுச்சுங்களா? யாராச்சும் மருந்து அடிச்சுட்டாங்களா? ஒருக்கா வந்து பாருங்க."

மயிலாத்தா எந்திரிச்சா. டார்ச்சை முந்தானைக்குள்ள வெச்சுட்டுப் பந்தலுக்குப் போனா. குனிஞ்சா. ரொம்ப நேரம் பாத்தா. மேல பால்கனியில ஒருத்தரும் அசையல. அப்புறம் வெளிச்சத்தை அணைச்சுட்டு, போன மாதிரியே காலடி கேக்காமத் திரும்பி வந்தா.

"என்னங்க ஆச்சு?"

"ரிப்பேர் ஒண்ணுமில்லீங்க தம்பி. வந்துட்டா."

"யாருங்க?"

"இத்தனை நாளாக் கூப்பிட்டானே, அவ."

சென்னியப்பன் பந்தல் பக்கம் ஒரு எட்டு வெச்சாரு. நின்னுட்டாரு. "நீங்க சொன்னாச் சரிங்க"ன்னு திரும்பிட்டாரு. அண்ணாந்து பாத்து, கையை வாய்கிட்ட வெச்சு, மெள்ளச் சொன்னாரு, "வந்துட்டாளாம். எல்லாரும் படுங்க."

ஒரு வீட்ல லைட்டு அணைஞ்சுது. டக். இன்னொரு வீட்ல அணைஞ்சுது. டக். டக். டக். பன்னண்டும் அணைஞ்சுது.

பதிமூணாவது நம்மளோடது. டக். கதை அவ்வளவுதான். கண்ணை மூடு.